சிங்கமும் இல்லை, புலியும் இல்லை, சண்டை மட்டும் இருக்கு

இந்தத் தீவின் காட்டில் சிங்கம் இல்லை. புலியும் இல்லை. தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் கம்பிக்குள் நிற்பவற்றைக் கழித்துவிட்டால், பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரைக்கும் நடந்து தேடினாலும் ஒன்றின் காலடி கூடக் கிடைக்காது. ஆனால் "சிங்கமும் புலியும் சண்டை பிடிச்சா எது வெல்லும்?" என்ற கேள்வியை எங்கட பெடியன்களிடம் போட்டுப் பாருங்கள். சோறு ஆறும், தேத்தண்ணி ஆறும், லெக்சர் தொடங்கி முடியும், வாய் ஓயாது.

"புலிதான் மச்சான். இதில என்ன கேள்வி?" ஏன் என்று கேட்டால் பாரம், பல், நகம், பின்னங்காலில் எழும்பி நின்று இரண்டு கையாலும் அறைகிற வித்தை எல்லாம் வரும். யூரியூப்பில் பார்த்த வீடியோ வரும். சிங்கம் சோம்பேறி, பெண் சிங்கம் வேட்டையாடித் தர இருந்து தின்கிற சாமான் என்று வரும். இதெல்லாம் சொல்லும்போது அவனுடைய குரலைக் கவனியுங்கள். உயிரியல் கதைக்கிற ஒருவனுடைய குரல் அல்ல அது. தன் வீட்டைப் பற்றி யாரோ தப்பாகச் சொல்லிவிட்ட மாதிரி ஒரு குரல்.

அந்தக் குரலோடுதான் எனக்குப் பிரச்சினை, கேள்வியோடு இல்லை. எது வெல்லும் என்று கேட்பதே சின்னப்பிள்ளைத்தனம் என்று சொல்கிற பெரிய மனுசர்கள் சிலர் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. நல்ல கேள்வி அது. ஒழுங்காகக் கேட்டால் எங்கட வாவிக்கரை வரைக்கும் கூட்டிக்கொண்டு வரக்கூடிய கேள்வி. நாங்கள் அதைக் கேட்கிற விதம்தான் புளுகு.

முதலில் மிருகத்தைப் பார்ப்போம். இரண்டும் இங்கே எப்போதுமே இருந்ததில்லை என்று சொல்ல முடியாது. இரத்தினபுரிப் பக்கம் குருவிட்டவில் கிடைத்த புதைபடிவங்களை வைத்து பி. ஈ. பி. தெரணியகல 1939 இல் ஒரு இலங்கைச் சிங்கத்துக்குப் பெயர் வைத்தார்: பந்தெரா லியோ சிங்களேயஸ். கையில் இருந்தது முழு எலும்புக்கூடு இல்லை, இரண்டு பல். அதே குருவிட்டப் பக்கம் பிறகு புலியின் எச்சங்களும் அடையாளம் காணப்பட்டன. அவை பதினாறாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையவை என்று கணித்திருக்கிறார்கள். ஆக, இரண்டும் ஒரு காலம் இங்கே இருந்தன, கிட்டத்தட்ட ஒரே ஊரில் இருந்தன, இரண்டும் அழிந்துபோயின. அப்போது இந்தத் தீவில் சிங்களம் கதைத்தவரும் இல்லை, தமிழ் கதைத்தவரும் இல்லை. எங்களை நம்பி அவை சாகவில்லை.

மிஞ்சியிருப்பது சிறுத்தை. யாலவில், குமணவில், வில்பத்துவில் இன்றைக்கும் அதுதான் ராசா. சிங்கமும் புலியும் இல்லாத காடு என்பதால் அதற்கு மேலே யாரும் இல்லை. அதற்கு விஞ்ஞானம் வைத்திருக்கிற பெயர் பந்தெரா பார்டுஸ் கொட்டியா. 1956 இல் அதே தெரணியகல வைத்த பெயர். கடைசிச் சொல்லைத் திரும்பப் படியுங்கள். சிங்களச் சொல். காட்டில் நிற்கிற சிறுத்தையைச் சொல்கிற அந்தச் சொல்லை, எங்கட அம்மா அப்பாவின் தலைமுறை எந்தெந்த இடத்தில், எந்தத் தொனியில், யாருடைய வாயால் கேட்டது என்று நான் இங்கே விளக்கத் தேவையில்லை. மட்டக்களப்பில் வளர்ந்த யாருக்கும் தெரியும். ஒரு மிருகத்தின் பெயர் மனுசரின் மேல் ஏறினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்களுக்கு வெளியூர் உதாரணம் வேண்டாம்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு நாங்களே அந்தப் பெயரை எடுத்து மேலே போட்டுக்கொள்கிறோம். எதற்கு? கன்டீனில் ஒரு வாதத்தில் வெல்வதற்கு.

"அடேய், அது சும்மா மிருகத்தைப் பற்றின கதை" என்று சொல்வீர்கள். அப்படியானால் ஒரு பரீட்சை. காண்டாமிருகமும் நீர்யானையும் சண்டை பிடித்தால் எது வெல்லும் என்று அதே கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். ஐந்து நிமிசத்தில் கதை முடியும், ஒருத்தனுக்கும் முகம் சிவக்காது. சிங்கம், புலி என்றால் மட்டும் ஏன் சிவக்கிறது? கொடியில் நிற்கிறது ஒன்று. இன்னொரு கொடியில் நின்றது மற்றது. 2009 க்குப் பிறகு பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாங்கள், எங்களுக்குத் தெரியாத ஒரு யுத்தத்தின் மீதியை மிருகக் கதையாக்கி விளையாடுகிறோம். எதிர்ப்பக்கத்திலும் இதே கூத்துத்தான். அங்கேயும் ஒரு பெடியன் சிங்கத்தின் பிடரிமயிரை எண்ணிக்கொண்டு இருப்பான்.

சரி, அந்தக் கொடிகளையே கொஞ்சம் இழுத்துப் பார்ப்போம். சிங்கம் "அவங்கட", புலி "எங்கட" என்று வைத்தால் கணக்கு எங்கே நிற்கிறது?

மகாவம்சத்தில் வருகிற சிங்கத்தை எடுங்கள். விஜயனின் தகப்பன் சிங்கபாகு. அவனுடைய தகப்பன் சிங்கம். அந்தக் கதை நடக்கிற காடு இலங்கையில் இல்லை, கடலுக்கு அங்கால் இந்தியாவில். கதையில் அந்தச் சிங்கம் சாகிறது, கொல்கிறவன் சொந்த மகன். மகனைக் கண்ட பாசத்தில் நிற்கும்வரை அம்பு அதன் மேல் தைக்கவில்லை, திரும்பி விழுகிறது. கோபம் வந்த பிறகுதான் தைக்கிறது. எதிரிவீர சரச்சந்திர 1961 இல் இந்தக் கதையை "சிங்கபாகு" என்று நாடகமாக்கினார். கேட்டால் வயிற்றைப் பிசைகிற கதை. இதில் சிங்கத்தின் பலத்தைக் கொண்டாட ஒரு வரி இடம் இல்லை. கொண்டாடுகிறவர்கள் கதையைப் படிக்கவில்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

1948 இல் ஏற்றின சிங்கக்கொடி கண்டியின் கடைசி ராசா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுடைய கொடியிலிருந்து வந்தது. அவர் யார்? நாயக்கர் வம்சம். தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பம். 1815 இல் வெள்ளைக்காரன் பிடித்துக்கொண்டு போனான். 1832 இல் அவர் கண் மூடியது வேலூரில். தமிழ்நாட்டு வேலூர்தான், வேறு இல்லை. சிங்கக்கொடியின் கடைசி ராசா அங்கே கிடக்கிறார்.

இந்தப் பக்கம் வாருங்கள். புலி சோழனுடையது. அவனுடைய நாட்டுக் காட்டில் புலி இருந்தது, பொறித்துக்கொண்டான், அது அவனுக்குப் பொருந்தும். இந்தத் தீவில் தமிழ் ராசாங்கம் என்று ஒன்று நிலைத்து நின்றது யாழ்ப்பாணத்தில். அந்த ஆரியச்சக்கரவர்த்திகள் காசில் அடித்த மிருகம் எது? நந்தி. மாடு! அவர்களுக்கு இன்னொரு பெயர் சிங்கையாரியர், சிங்கைநகரை ஆண்டதால். எங்கட ராசாவின் பெயரில் சிங்கை, காசில் மாடு. இதை வைத்துக்கொண்டு எவன் புலிக்காகச் சண்டை பிடிப்பது?

கோயிலுக்குள் போனால் இன்னும் மோசம். துர்க்கை எதன் மேல் இருக்கிறாள்? திருவிழாவில் அம்மன் எந்த வாகனத்தில் வெளிவீதி சுற்றுகிறாள்? அந்தச் சிங்க வாகனத்தைத் தோளில் தூக்குகிற பெடியன், அடுத்த நாள் விடுதியில் வந்திருந்து "சிங்கம் எல்லாம் ஒரு மிருகமாடா" என்கிறான். மட்டக்களப்புக்கு என்று ஒரு அடையாளம் கேட்டால் அது மீன். பாடுகிற மீன். யாரோடும் சண்டைக்குப் போகாத ஒரு பிராணியைப் பெயரில் வைத்திருக்கிற ஊர்க்காரர் நாங்கள். அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

இப்போது "சயன்ஸ்" கட்சிக்காரரிடம் வருவோம். அரசியலை விடு, உண்மையில் எது வெல்லும் சொல்லு என்பவர்கள்.

வளர்ந்த ஆண் வங்கப் புலி 180 முதல் 260 கிலோ வரும். குஜராத்தின் கிர் காட்டு ஆண் சிங்கம் 160 முதல் 190. பாரத்தில் புலி மேல். அதே நேரம் ஆண் சிங்கத்தின் வாழ்க்கையே மற்ற ஆண்களோடு சண்டை பிடிப்பது. கூட்டத்தைப் பிடிக்க, பிடித்ததைக் காக்க. புலி தனியாகத் திரிவது, பெரும்பாலும் மோதலைத் தவிர்த்து மணத்தாலும் நகக்கீறலாலும் எல்லை சொல்லிவிட்டு விலகுவது. பழக்கத்தில் சிங்கம் மேல். பிடரிமயிர் கழுத்துக்குக் கவசம் என்று ஒரு வாதம் எப்போதும் வரும். செரெங்கெட்டிச் சிங்கங்களை வருடக்கணக்காகப் பார்த்தவர்கள் அதை ஏற்கவில்லை. மயிர் கறுப்பாக இருந்தால் பெண்ணுக்குப் பிடிக்கும், எதிரிக்குப் பயம் வரும் என்பதுதான் அவர்கள் கண்டது. (இதைச் சொன்னதும் எங்கட விடுதியில் தலைக்கு எண்ணெய் வைக்கிறவர் கூடிவிட்டார்கள்.)

இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, ஏனென்றால் காட்டில் அவை சந்திப்பதே இல்லை. 2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 3,682 புலி. 2025 இல் குஜராத்தில் எண்ணினது 891 சிங்கம். ஒரு காலம் வட இந்தியாவில் இரண்டும் இருந்தன. அப்போதும் சிங்கம் வெட்டைக்காரன், புலி அடர்காட்டுக்காரன். வேட்டை மிருகத்துக்குச் சண்டை என்பது நட்டம். ஒரு கோரைப்பல் உடைந்தால், ஒரு கால் நொண்டினால், வென்ற மிருகமும் ஒரு மாதத்தில் பட்டினியில் சாகும். இது அவற்றுக்குத் தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது.

அப்படியானால் சண்டை எங்கே நடந்தது? மனுசன் கூட்டிவந்து அடைத்த இடத்தில். கி.பி. 80 இல் ரோமில் கொலோசியம் திறந்தபோது நடந்த ஒரு மோதலைப் பற்றி மார்சியல் என்ற கவிஞர் எழுதியிருக்கிறார். புலி சிங்கத்தைக் கிழித்தது. "பாத்தியா, புலி!" என்று குதிக்காதீர்கள். அந்தப் புலி வளர்ப்பவனின் கையை நக்கிப் பழகின புலி. காட்டில் இருந்தபோது இப்படி இல்லை, மனுசரோடு வாழப் பழகிய பிறகுதான் இந்த வெறி வந்தது என்பதுதான் அவர் அந்தக் கவிதையில் சொல்வது.

ஆனால் ரோமை விட எனக்குப் பிடித்த உதாரணம் வியட்நாமில் இருக்கிறது. ஹுவே நகரில் 1830 இல் மின் மாங் என்ற பேரரசர் ஒரு வட்டமான கல் அரங்கு கட்டினார், யானையும் புலியும் மோதுவதற்கென்றே. இன்றைக்கும் அந்தச் சுவர் நிற்கிறது. யானை என்றால் அரசு. புலி என்றால் கிளர்ச்சிக்காரன். யானை தோற்றால் அரசு தோற்ற மாதிரி. தோற்க விடலாமா? அதனால் அரங்குக்குள் விடும் முன் புலிக்கு நகத்தை வெட்டி, பல்லையும் எடுத்தார்கள். மறுகா சண்டை தொடங்கும். யானை வெல்லும். சனம் கை தட்டும். கடைசிச் சண்டை 1904 இல் நடந்தது. எழுபது வருசத்துக்கு மேலாக ஒரே முடிவு!

மிருகத்தின் மேல் ஒரு கொடியைக் கட்டிவிட்டால் அதற்குப் பிறகு நடப்பது சண்டை இல்லை, ஏற்பாடு. பல்லைப் பிடுங்கினவன் யார் என்று பார்க்காமல் எது வென்றது என்று மட்டும் பார்ப்பவன்தான் அந்த அரங்குக்குத் தேவையான ஆள். நாங்கள் விடுதியில் பயிற்சி எடுப்பது அந்த வேலைக்குத்தான்.

இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்ட ஒரு ஆள் எங்கட மொழியிலேயே இருக்கிறார். வள்ளுவர். பரீட்சைக்குப் பாடமாக்கி எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். ஊக்கமுடைமையில், 599 ஆவது குறளில், எவ்வளவு பெரிய உடம்பும் கூரான கொம்பும் இருந்தாலும் புலி பாய்ந்தால் யானை அஞ்சும் என்கிறார். புலிக் கட்சிக்கு இது ஒன்று மட்டும் மனப்பாடம். ஆனால் அதற்கு முன்னால் இடனறிதல் என்று ஒரு முழு அதிகாரம் இருக்கிறது. அங்கே 495 இல், ஆழத் தண்ணிக்குள் முதலை மற்றதை வெல்லும், தண்ணியை விட்டு வெளியே வந்தால் மற்றவை முதலையை வெல்லும் என்கிறார். 500 இல் இன்னும் ஒரு படி மேலே போகிறார். வேல்வீரர்களையே குத்திக் கோர்க்கிற களிறு, கால் புதைகிற சேற்றில் மாட்டினால், ஒரு நரி அதைக் கொன்றுவிடும்.

நரி! யானையை! எந்த யூரியூப் வீடியோவும் இந்தச் சோடியைப் போடவில்லை.

வள்ளுவர் பாரத்தைக் கேட்கவில்லை, பல்லின் நீளத்தைக் கேட்கவில்லை. எங்கே என்று கேட்டார். இடம் சொல்லாமல் வெற்றி சொல்லக்கூடாது. சங்கப் பாட்டில் ஒரு காட்சி அடிக்கடி வரும். பூத்து நிற்கிற வேங்கை மரத்தைப் புலி என்று நினைத்து யானை பாய்ந்து குத்தும். மஞ்சள் பூவோடு சண்டை. சிங்கம்-புலி வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த யானைதான் ஞாபகம் வரும்.

இங்கே நிசமாக இருக்கிற இரண்டு பலசாலிகளை எடுப்போம். யானை, முதலை. எங்கட வாவி ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம். கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. வாவியிலும் அதில் வந்து விழுகிற ஆறுகளிலும் முதலை இருக்கிறது. மீன்பிடிக்கப் போகிறவர்களைக் கேளுங்கள், வலையைப் போடும் முன் எங்கே பார்ப்பார்கள் என்று. இலங்கையில் இரண்டு சாதி முதலை: குளத்து முதலை ஒன்று, உவர்நீர் முதலை மற்றது. உவர்நீர் முதலையின் கடி 16,000 நியூட்டனுக்கு மேல் அளக்கப்பட்டிருக்கிறது. எந்த உயிருள்ள மிருகத்திலும் நேரே அளந்ததில் மிகப் பெரிய கடிகளில் ஒன்று. ஆனால் அதே வாயைத் திறக்கிற தசை பலவீனம். மூடிய வாயை ஒரு கயிற்றால் கட்டிவிடலாம். படுவான்கரைப் பக்கம் யானை. வளர்ந்த ஆண் நாலு, ஐந்து தொன். கொம்பன் என்று படத்தில் பார்க்கிற மாதிரி எல்லாம் இல்லை, இலங்கை ஆண் யானைகளில் கொம்பு உள்ளவை நூற்றுக்கு ஏழு அளவில்தான்.

எது வெல்லும்? கஜேந்திர மோட்சக் கதை முதலை என்கிறது. தண்ணிக்குள் முதலை காலைப் பிடித்தால், விஷ்ணு வந்துதான் யானையை விடுவிக்க வேண்டும். கும்பகோணம் பக்கத்துக் கபிஸ்தலத்தில் அதற்கென்றே கோயில் இருக்கிறது. நான் என் பதிலைச் சொல்கிறேன், மழுப்பவில்லை: வளர்ந்த யானை என்றால் ஆழத்திலும் முதலை கிட்டப் போகாது, போனால் மிதிபடும். குட்டி தனியே கரையில் தண்ணி குடித்தால் முதலை. தாய் நிற்கிற கூட்டத்தில் குட்டி என்றால் திரும்ப யானை. ஒரே இரண்டு மிருகம், மூன்று பதில். இடமும் நேரமும் கூட நிற்கிற ஆளும் மாற மாற முடிவு மாறுகிறது. யானை தண்ணிக்குப் பயந்த சாதியும் இல்லை. 2017 ஜூலையில் கொக்கிளாய்ப் பக்கம் ஒரு யானை கடலுக்குள் இழுபட்டுப் போனது. கரையிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் தள்ளி, தும்பிக்கையை மேலே வைத்து நீந்திக்கொண்டு நின்றதைக் கடற்படை கண்டு, கயிறு கட்டிக் கரை சேர்த்தது. கடலில் அதை வெல்லப் பார்த்தது நீரோட்டம்.

வாவியைக் கடந்து மேற்கே போனால் இந்தக் கேள்வி விளையாட்டாக இருப்பது நின்றுவிடும்.

வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, கிரான் பக்கத்துப் பிள்ளைகள் எங்களோடுதான் படிக்கிறார்கள். வேளாண்மை விளைகிற காலத்தில் அவர்களுடைய வீட்டில் இரவில் யாரும் முழுசாக நித்திரை கொள்வதில்லை. காவல் பரண், யானை வெடி, ரோர்ச் லைட். வெளிச்சத்தில் தெரிகிற அந்தக் கறுப்பு உருவம் போகுமா, வருமா என்பதில் ஒரு போகத்தின் கடன் தொங்கும். அதுதான் எங்கட மாவட்டத்தில் ஒவ்வொரு வருசமும் உண்மையாக நடக்கிற சண்டை. அதைப் பற்றி விடுதியில் ஒருத்தனும் "எது வெல்லும்" என்று பந்தயம் பிடிக்கக் காணோம். ஏன்? அதில் எங்களுக்குக் கொடி இல்லை.

தோற்பது யார்? இரண்டு பக்கமும். இந்த நாட்டில் 2011 கணக்கெடுப்பில் யானை 5,879. அண்மைய வருசங்களில் வருசத்துக்கு நானூறுக்கு மேல் யானை செத்திருக்கிறது, நூற்றுக்கு மேல் மனுசர் செத்திருக்கிறார்கள். யானையை இன்னொரு மிருகம் கொல்வது அபூர்வம். கொல்வது துவக்கு, சட்டவிரோதமாக இழுத்த மின்கம்பி, ரயில், வாய்வெடி. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் விடியும் முன் யானைக் கூட்டத்தில் ரயில் மோதி ஆறு யானை செத்தது நினைவிருக்கும். மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் ஓடுகிற மீனகயா அது. நாங்கள் கொழும்புக்குப் போகிற ரயில்.

வாய்வெடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிங்களத்தில் ஹக்கபட்டாஸ். காட்டுப்பன்றிக்கு வைப்பது. தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து விடுவார்கள், கடித்தால் வெடிக்கும். யானைக் குட்டி அதை எடுத்து வாயில் போடும். தாடை சிதறும். உடனே சாகாது. தின்ன முடியாமல், குடிக்க முடியாமல், நாள்கணக்கில் நின்று சாகும். வள்ளுவர் சொன்ன நரி எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். கைக்குள் அடங்குகிற ஒரு பொட்டலம்.

இங்கே ஒரு கூட்டம் உடனே விவசாயியை நரி என்று சொல்ல வரும். கொழும்பில் இருந்துகொண்டு யானைப் படம் போட்டு "அது அதன் வீடு, நீங்கள்தான் வந்தேறி" என்று எழுதுகிற கூட்டம். அவர்களோடும் எனக்குச் சண்டைதான். படுவான்கரை விவசாயி எப்போது வந்தேறினான்? 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கிக் காட்டை வெட்டினதும், பிறகு மகாவலித் திட்டம் வந்ததும், 1983 இல் மாதுறு ஓயாவைத் தேசியப் பூங்காவாக அறிவித்ததும் அவனைக் கேட்டு நடந்ததா? 2007 இல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரை விட்டு ஓடினவன், திரும்பி வந்தபோது வயல் பற்றையாகக் கிடந்தது என்கிறான். பற்றைக்குள் யானை வந்து நின்றது என்கிறான். அவனும் தன் இடத்தில்தான் நின்றான், யானையும் தன் இடத்தில்தான் நின்றது. இரண்டு பேருடைய இடமும் ஒன்றாகிப் போனது. இலங்கையில் யானை திரிகிற நிலப்பரப்பில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனுசரும் குடியிருக்கிறார்கள். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு பார்த்தால் யார் வந்தேறி என்ற கேள்வியே அவியாது.

2020 இல் ஒரு ஜனாதிபதிக் குழு அமைத்தார்கள். தலைவர் யானைகளை ஆயுள் முழுக்க ஆராய்ந்த பிரித்விராஜ் பெர்னாண்டோ. அந்தக் குழு ஒரு தேசியச் செயல்திட்டம் எழுதிக் கொடுத்தது. அதன் நடுக்கருத்து என்னவென்றால், மின்வேலியை இவ்வளவு காலமும் தப்பான இடத்தில் போட்டுவிட்டோம் என்பது. வனசீவராசிகள் திணைக்களத்தின் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறதோ அங்கே வேலி போட்டார்கள். கோடு தாளில் இருப்பது, யானைக்குத் தெரியாது. வேலிக்கு உள்ளேயும் யானை, வெளியேயும் யானை. நடுவில் வேலி யாருக்கு? ஊரைச் சுற்றிப் போடு, ஊர்க்காரரிடம் பொறுப்பைக் கொடு. வயலைச் சுற்றிப் போகத்துக்கு மட்டும் போடு, அறுவடை முடிந்ததும் கழற்று, அரிதாளையும் புல்லையும் யானை வந்து தின்னட்டும். இதுதான் அவர்கள் சொன்னது. இடனறிதல் அதிகாரத்தைப் படித்த ஒருவருக்கு இது புதுசாக இருக்காது. யானையின் பலமும் மாறவில்லை, விவசாயியின் பலமும் மாறவில்லை. கம்பியின் இடம் மட்டும் மாறுகிறது.

நான் எங்கட பட்ச் பெடியன்களிடம் கேட்பது பெரிய விசயம் ஒன்றும் இல்லை. கலைப்பீடத்தில் புவியியல் படிக்கிறவர் இருக்கிறார்கள், சமூகவியல் படிக்கிறவர் இருக்கிறார்கள், வருசக் கடைசியில் ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பு இல்லாமல் அலைகிறவர் நிறைய. சிங்கத்தின் பிடரிக்கு வைத்திருக்கிற அக்கறையில் கால்வாசி போதும். படுவான்கரையில் எந்த ஊரில் வேலி இருக்கிறது, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, கரண்ட் இருக்கிறதா, கம்பிக்குக் கீழே புல்லை வெட்டுவது யார், கடைசியாக எப்போது வெட்டினார்கள் என்று ஒருத்தராவது ஒரு வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறோமா? பாலத்தைக் கடந்தால் அரை மணித்தியாலம். மண்முனைப் பாலம் 2014 இல் திறந்தாச்சு, முந்தி மாதிரிப் பாதைப் படகுக்குக் காத்துக்கொண்டு நிற்கவும் தேவையில்லை.

அடுத்த முறை யாராவது "சிங்கமா புலியா" என்று தொடங்கினால் நான் மூன்று கேள்வி கேட்கப் போகிறேன். எந்த இடத்தில்? வேளாண்மை வெட்ட முன்னமா, வெட்டின பிறகா? வேலி எந்தப் பக்கம்? முதல் கேள்விக்கே பதில் இல்லாதவன் தேத்தண்ணிக்குக் காசு கட்ட வேண்டும்.